வியூக விளையாட்டுகளில் தொழில்நுட்பமும் ஆலோசகர்களும்: சென்னைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 விளையாடியவர்களுக்குத் திரையின் மேல்பக்கம் இருக்கும் மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்கும். நிர்வாகப் புள்ளி, தூதுப் புள்ளி, ராணுவப் புள்ளி. மாதாமாதம் இவை ஏறும். அடிப்படையாக 3, அரசரின் திறமைக்கு 0 முதல் 6 வரை, சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆலோசகருக்கு 1 முதல் 5 வரை. சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்துத் தொழில்நுட்பம் வாங்கலாம். ஒரு படி ஏற அடிப்படை விலை 600 புள்ளி. ஆக மொத்தம் ஒரே ஒரு குழாய்: காசு கொடுத்தால் ஆலோசகர், ஆலோசகர் கொடுத்தால் புள்ளி, புள்ளி கொடுத்தால் தொழில்நுட்பம்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். அதனால் எந்த கேமைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்வி, "இதை எந்த டேபிளில் எந்த வரியில் சேமித்து வைத்திருப்பான்?" என்பதுதான். இங்கே பதில் சுலபம். ஒரு நாட்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் தொழில்நுட்பத்துக்கு மூன்று முழு எண்கள். ஆலோசகருக்கு மூன்று நாற்காலிகள். விஜயநகரமோ, வெனிஸோ, எல்லாருக்கும் இதே அமைப்புதான்.

இந்த அமைப்பை "எளிமைப்படுத்தியது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எளிமைப்படுத்தாமல் விளையாட்டு செய்ய முடியாது, சரி. ஆனால் எதை விட்டுவிட்டு எளிமைப்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் எப்போதும் யாரோ சில மனிதர்களின் கையில் இருக்கிறது. அந்த மனிதர்களுக்குச் சொந்த லாப நட்டம் இருக்கிறது. இந்த இரண்டையும்தான் விட்டிருக்கிறார்கள். அவை இல்லாமல் நம்ம ஊர் வரலாற்றைப் படித்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக் கரையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

கப்பல் வரும், கரைக்கு வராது

இந்த கேமில் கடலோர மாகாணம் என்றாலே அதற்கு ஒரு துறைமுகம் உண்டு. உங்கள் கப்பற்படை நேராக வந்து நிற்கும். தூதுத் தொழில்நுட்பம் ஏற ஏறக் கப்பலும் மாறும்: காராக், கேலியன், அப்புறம் இரண்டடுக்கு, மூன்றடுக்குப் போர்க்கப்பல்கள். இந்த ஏணியில் கட்டுமரத்துக்கு ஒரு படி கொடுத்தால் அது அடிப்படிக்கும் கீழேதான் இருக்கும்.

இப்போது 1639-க்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டே மதராஸில் இடம் வாங்குகிறார். கோட்டை எழும்புகிறது. ஆனால் இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடற்கரை, ஓயாத அலை. இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றுகொள்ளும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. புதுச்சேரிப் பக்கம் இதே வேலையைச் செய்தது சலங்கு.

மசூலா படகு ஆணி அடித்துச் செய்தது இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது விறைப்பாக நின்று உடையாமல், கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். கரையில் மோதினாலும் தாங்கும். ஐரோப்பியக் கப்பலின் சிறு படகுகள் ஆணியடித்த விறைப்பான கட்டுமானம். இந்த அலையில் அவை தாக்குப்பிடிக்கவில்லை. பக்கத்திலேயே கட்டுமரம் போகும். அது கடிதம் கொண்டுபோகும், யாராவது கடலில் விழுந்தால் தூக்கும். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு சில வருடம் இல்லை, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் மேடை 1861-இல்தான் வருகிறது. துறைமுக வேலை தொடங்கியது 1875-இல். அதையும் 1881 புயல் சின்னாபின்னமாக்கியது. அதாவது கேம் முடிகிற 1821 வரைக்கும், கேமின் கணக்குப்படி உலகத்தின் உச்சித் தொழில்நுட்பம் வைத்திருந்த நாடு, மதராஸில் ஒரு பெட்டியை இறக்குவதற்கு "அடிப்படி" தொழில்நுட்பத்தை நம்பியிருந்தது.

இதில் "நம்ம முன்னோர்கள் அப்போதே..." என்று பெருமை பேசும் நோக்கம் எனக்கு இல்லை. பெருங்கடலைக் கடக்க மசூலா படகு உதவாது, அதற்கு அந்தக் கப்பல்தான் வேண்டும். ஆனால் சென்னை அலையைக் கடக்கக் கப்பல் உதவாது. இரண்டும் ஒரே ஏணியின் படிகள் இல்லை. இரண்டு வேறு வேலைகளுக்கான இரண்டு வேறு விடைகள். ஒற்றை எண்ணில் இதை எழுதவே முடியாது. 3 பெரிதா 20 பெரிதா என்று மட்டும்தான் அந்த எண்ணிடம் கேட்கலாம்.

இன்னொன்று. அந்தத் தொழில்நுட்பம் எந்த அரசிடமும் இல்லை. படகோட்டிகளிடம் இருந்தது. எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏற வேண்டும் என்பது அவர்கள் கையிலும் தண்டிலும் இருந்த அறிவு. கம்பெனிக்கு அவர்கள் வேண்டும் என்பதால் அவர்களோடு கூலிப் பேச்சும் தகராறும் இருந்தன. ராயபுரத்தில் இருக்கும் புனித பீட்டர் தேவாலயம் இந்தப் படகோட்டிகள் தங்கள் வருமானத்தில் கட்டியது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்று சொல்வார்கள், அதிலிருந்துதான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்பார்கள். ஊருக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு வலுவான ஒரு தொழில்நுட்பக் கூட்டம், கேமின் எந்த வரியிலும் வராது.

அடையாறு 1746: எந்த நாட்டின் எண்?

"படகை விடுங்க, போர்க்களத்தில் தொழில்நுட்ப இடைவெளி உண்மைதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணமும் சென்னையில்தான் இருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ் கானைப் பெரும் படையோடு அனுப்பினார். பாரதி என்ற அதிகாரியின் தலைமையில் புதுச்சேரியிலிருந்து வந்த சிறு படை அடையாற்றைக் கடந்து அந்தப் பெரும் படையைச் சிதறடித்தது. வரிசையாக நின்று இடைவிடாமல் சுடும் பயிற்சிதான் காரணம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். கேம் மொழியில் சொன்னால் ராணுவத் தொழில்நுட்பம் கூடுதல்.

ஆனால் அந்தச் சிறு படையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களோடு கணிசமான இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். எதிரில் நின்றவர்களும் இந்தியர்கள். அப்படியென்றால் அந்த "கூடுதல்" எந்த நாட்டின் வரியில் எழுதப்பட வேண்டும்? பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் யாருக்குக் கிடைத்ததோ அவர்களிடம் அந்தத் தொழில்நுட்பம் இருந்தது. அவ்வளவுதான்.

அது நகர்ந்த வேகத்தையும் பாருங்கள். 1748-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து கம்பெனிப் படையை ஒழுங்குபடுத்துகிறார். அந்தப் படையில் தளபதியாக உயர்ந்தவர் யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்பவர். பிறகு அதே கம்பெனியை எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்று போராடுகிறார். 1764-இல் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். அடையாற்றுக்கும் இதற்கும் நடுவில் 18 வருடம்தான். ஒரு ஆள் கட்சி மாறினால் அவரோடு தொழில்நுட்பமும் மாறியது. கேமில் இது நடக்கவே நடக்காது. அங்கே உங்கள் எண் உங்களுடையது, அதை யாரும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது.

பட்டனை அழுத்தினால் அச்சகம்

இந்த விமர்சனம் கேம் செய்தவர்களுக்கும் தெரியும். முன்பு ஐரோப்பா அல்லாத நாடுகளுக்குத் தொழில்நுட்பமே கூடுதல் விலை. 2016-இல் அதை எடுத்துவிட்டு "நிறுவனங்கள்" என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். மறுமலர்ச்சி, காலனியம், அச்சு இயந்திரம், உலக வணிகம் என்று ஒவ்வொன்றும் சுமார் 50 வருடத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் பிறந்து மாகாணம் மாகாணமாகப் பரவும். போதுமான அளவு உங்கள் நாட்டுக்குள் வந்ததும் காசு கட்டி ஏற்றுக்கொள்ளலாம். பரவும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரே மாகாணத்தில் புள்ளிகளைக் கொட்டி அதை அங்கேயே முளைக்க வைப்பார்கள். இந்தியாவில் ஆடுகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

முன்பைவிட நல்லதுதான். ஆனால் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. தமிழில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகம் 1710-களில் ஓடிக்கொண்டிருந்தது. கேமின் கணக்குப்படி மாகாணத்தில் அச்சு "வந்துவிட்டது". ஆனால் அச்சகம் பாதிரியார்கள் கையிலும் கம்பெனி கையிலும் இருந்தது. நம்மவர்கள் தாராளமாக அச்சகம் வைத்துக்கொள்ளும் நிலை 1835-இல் அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகுதான் வந்தது. ஊருக்குள் வந்தது வேறு, ஊராருடையது ஆனது வேறு. நடுவில் 250 வருடம்.

சம்பளம் வாங்கும் பிளஸ் மூன்று

இப்போது ஆலோசகர். யூரோப்பாவில் ஆலோசகர் என்றால் ஒரு படம், ஒரு பெயர், ஒரு எண். வணிகர் என்றால் வணிகத்தில் 10 சதவீதம் கூடும், ராணுவச் சீர்திருத்தக்காரர் என்றால் படையின் மன உறுதி கூடும். அவர் தப்பாக யோசனை சொல்ல மாட்டார். சொல்லப்போனால் யோசனையே சொல்ல மாட்டார்! அவரைப் பிடிக்கவில்லையா, பணிநீக்கம் செய்துவிட்டு அடுத்த படத்தை வைக்கலாம்.

அதே காலத்தில், அதே கடற்கரையில் இருந்த ஒரு நிஜ ஆலோசகரைப் பார்ப்போம். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பிறந்தவர், ஊர் நம்ம பெரம்பூர். குடும்பம் புதுச்சேரிக்குப் போகிறது. பின்னாளில் ஆளுநர் டூப்ளேவின் தலைமை துபாஷி ஆகிறார். 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு நம் கையில் இருக்கிறது. ஆலோசகர் என்றால் என்ன வேலை என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. நெசவாளர்களிடமிருந்து துணி வாங்கிக் கொடுப்பவர், நவாப்பின் தர்பாரில் என்ன நடக்கிறது என்று சேதி சேர்ப்பவர், ஆளுநருக்குக் காதும் வாயும் அவரே. அதே நேரத்தில் அவரும் ஒரு வியாபாரி. அவருக்குச் சொந்தமாக ஆனந்தப்புரவி என்ற கப்பல் இருந்தது. அப்படியானால் அவர் சொல்லும் யோசனையில் கம்பெனியின் லாபம் எவ்வளவு, பிள்ளையின் லாபம் எவ்வளவு? டூப்ளேவுக்கு அந்தக் கவலை இருந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே போட்டி வேறு. டூப்ளேவின் மனைவிக்குத் தமிழ் தெரியும், அவரும் தனியாக ஒற்றர் வைத்துச் செய்தி சேர்த்தார். பிள்ளைக்கும் அவருக்கும் ஆகவில்லை. நாட்குறிப்பில் அந்தப் புகைச்சல் பக்கம் பக்கமாக இருக்கிறது.

பதவி போனால் என்ன ஆகும் என்பதும் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அவருடைய நெருங்கிய உறவினர் நைனியப்ப பிள்ளை அதே பதவியில் இருந்தவர். 1716-இல் கைது செய்தார்கள். சவுக்கடி, சிறை. 1717-இல் சிறையிலேயே இறந்தார். தண்டனை தவறு என்று பிரான்சில் முடிவானது அவர் செத்த பிறகு. கேமில் இதற்குப் பெயர் "ஆலோசகரை நீக்கு" பட்டன்.

இங்கேதான் இரண்டு விஷயங்களும் சேர்கின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி துபாஷி வழியாகத்தான் வந்தது. அவர் புள்ளி கொடுத்து, அதை வைத்து அவர்கள் அறிவை வாங்கவில்லை. அவரே அந்த அறிவு வரும் வழி, அவரே அதன் வடிகட்டியும். மசூலா படகோட்டி கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் நின்றது மாதிரி, துபாஷி கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் நின்றார். நடுவில் நிற்பவரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எண் மட்டும்தான்.

நல்ல யோசனையும் மணலும்

மற்ற கேம்கள் பரவாயில்லையா? கொஞ்சம். கிரூசேடர் கிங்ஸ் 3-இல் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்கள் நிஜ ஆட்கள். உங்களைப் பிடிக்கும், பிடிக்காது. பலம் வாய்ந்த சிற்றரசனுக்கு இடம் கொடுக்காவிட்டால் முறைப்பான். ஆனால் அங்கே புதுமை என்பது முழுப் பண்பாட்டுக்கும் ஒரே நாளில் வந்துவிடும். விக்டோரியா 3 இதற்கு நேர் எதிர். அங்கே தொழில்நுட்பத்தால் நட்டப்படுபவர்கள் உண்டு. உற்பத்தி முறையை மாற்றினால் ஆட்கள் வேலை இழப்பார்கள், கோபப்படுவார்கள். இருப்பதில் உண்மைக்குக் கிட்ட வருவது இதுதான்.

அந்த கேமில் மீன்பிடித் துறைக்கு ஒரு கட்டடம் உண்டு. சாதாரண மீன்பிடிப்பில் தொடங்கி நீராவி இழுவைக் கப்பல் வரை போகலாம். ஒரு கிளிக் போதும், அந்த மாநிலம் முழுக்க மாறிவிடும். அதே காலகட்டத்தில் மதராஸ் மாகாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்டவர் பிரடெரிக் நிகல்சன். ஜப்பான் வரை போய் அங்கே மீன்பிடித் தொழிலைப் பார்த்து எழுதியவர். துறை 1907-இல் தொடங்கியது. கட்டுமரத்திலிருந்து நீராவிக் கப்பலுக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது, இருப்பதிலிருந்து படிப்படியாகப் போக வேண்டும் என்பது அவர் நிலை. விலை உயர்ந்த ஆலோசகர் ஒருவர் "அந்த பட்டனை இப்போது அழுத்தாதே" என்கிறார். இப்படி ஒரு ஆலோசகரை எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு விசைப்படகும் இழுவை மடியும் வந்தன. இறால் ஏற்றுமதி பெருகியது. கரையோரம் பிழைத்த கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் மோதல் வெடித்தது. 1983-இல் தமிழ்நாடு அரசு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்றது. காசிமேட்டில் இன்றைக்கும் விசைப்படகும் ஃபைபர் படகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே துறைமுகம், இரண்டு தொழில்நுட்பம், இரண்டு விதமான சட்டம், இரண்டு விதமான கடன்.

காசிமேட்டுக்காரனாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா கேமிலும் துறைமுகம் கட்டினால் லாபம் மட்டும்தான். பக்கத்து மாகாணத்துக்கு ஒன்றும் ஆகாது. நிஜத்தில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அங்கேயே தடைபட்டு நின்றது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. தெருக்கள் போயின, கட்டுமரம் ஏற்றி வைக்கும் மணல் போனது. இன்று எண்ணூர் போகும் சாலையோரம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். மசூலா படகை வேண்டாததாக்கிய அதே துறைமுகம், அந்தப் படகோட்டிகளின் கரையையும் எடுத்துக்கொண்டது. நாட்டின் வரியில் பார்த்தால் பிளஸ். கரையின் வரியில் பார்த்தால் மைனஸ். கேமில் கரைக்கு வரியே இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

"கேம் ஜாலியாக இருக்க வேண்டும், நீங்க சொல்வதெல்லாம் சேர்த்தால் அது எக்ஸெல் ஷீட் ஆகிவிடும்" என்பார்கள். ஏற்கெனவே எக்ஸெல் ஷீட்தான், அது தனி விஷயம். நான் கேட்பது மூன்று சின்ன மாற்றங்கள். ஒன்று, தொழில்நுட்பத்தை நாட்டோடு கட்டாமல் ஆட்களோடு கட்டலாம்: படகோட்டி, நெசவாளர், சிப்பாய். அவர்கள் விலகினால் அதுவும் விலகட்டும். இரண்டு, ஆலோசகருக்கு எண்ணோடு ஒரு சொந்த நலனும் கொடுக்கலாம். அவர் சொல்வதைக் கேட்பதா வேண்டாமா என்று பிளேயர் யோசிக்கட்டும். மூன்று, ஒரு கட்டடத்தின் லாபம் எங்கே விழுகிறது, நட்டம் எங்கே விழுகிறது என்று தனித்தனியாகக் காட்டலாம். ஆள் மனநிலையை கிரூசேடர் கிங்ஸ் ஏற்கெனவே கணக்கிடுகிறது, வேலை இழப்பை விக்டோரியா கணக்கிடுகிறது. இரண்டையும் இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், பள்ளி வரலாற்றுப் புத்தகத்தைத் தொடாத பல பேர் இந்த கேம்களில் ஆயிரம் மணி நேரம் செலவிடுகிறார்கள். கேமை மூடிய பிறகும் அந்த ஏணி தலைக்குள் இருக்கும். யார் முன்னால், யார் பின்னால் என்றே பார்க்கத் தோன்றும். மீன்வர்கள் "பின்தங்கியவர்கள்", புதுத் துறைமுகம் "முன்னேற்றம்", நிபுணர் சொன்னால் சரி. எண்ணூர்க் கழிமுகத்திலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இதே மூன்று வாக்கியங்கள்தான் காதில் விழுகின்றன. அப்போது கேட்க வேண்டிய கேள்விகளும் மூன்றுதான்: இந்தத் தொழில்நுட்பம் யார் கையில் இருக்கப் போகிறது, யோசனை சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது, மணல் எந்தப் பக்கம் போகும்?